சார்ட்டில் கீழே போன மேக்கணக்கு

“யாரு புள்ள எங்கள அடியில போட்டது?”

என் கதிரைக்குப் பின்னால் ராமையா மாமாவின் குரல். வெற்றிலை வாசனை குரலுக்கு முன்பே வந்துவிட்டது.

நான் திரையை நிமிர்ந்து பார்த்தேன். மூன்று நீலக் கட்டைகள் படுத்துக் கிடந்தன. உச்சியில் கீழ்க்கணக்கு. நடுவில் நடுக்கணக்கு. அடியில் மேக்கணக்கு.

“நான் போடல மாமா. அதுவா போட்டுக்கிச்சு.”

“அதுவா போட்டுக்கிச்சா? கம்ப்யூட்டருக்கு நம்ம தோட்டத்துல யாரத் தெரியும்? யாரோ சொல்லித்தானே போட்டிருக்கு?”

கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் நின்ற கடை முதலாளி, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், சிரிப்பை மறைக்க லேமினேட் செய்த அடையாள அட்டை ஒன்றை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த நானாவின் கடையில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்த காலம் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். போட்டோ கொப்பி, லேமினேட், மரண அறிவித்தல், கல்யாண அழைப்பிதழ், பொலிஸ் முறைப்பாடு என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். எதற்கும் நான் அசந்ததில்லை. ஆனால் அந்த மூன்று கட்டைகள் என் உயிரை வாங்கின. இந்த வாரம் அந்தக் கதைதான்.

முதலில் ‘கணக்கு’ என்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஹாலிஎலைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டம் மூன்று பிரிவுகளாக இருக்கிறது. பிரிவைத்தான் நாங்கள் கணக்கு என்போம். மலை உச்சியில் மேக்கணக்கு, இடையில் நடுக்கணக்கு, பள்ளத்தில் கீழ்க்கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். ராமையா மாமா மேக்கணக்குத் தலைவர்.

அக்காவின் கை

என் அக்கா பாக்கியம் கீழ்க்கணக்கில், லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசி லயத்தில் இருக்கிறாள். கொழுந்து பறிப்பவள். வெயில் காலம் வந்தால் அவள் லயத்துப் பைப்பில் தண்ணீர் வருவது கோயில் திருவிழா வருவது போல. வரும் என்று தெரியும், எப்போது என்று தெரியாது. மேலே காட்டுக்குள் இருக்கும் ஊற்றிலிருந்து வருகிற பழைய குழாய், மூன்று கணக்குக்கும் பிரிந்து பிரிந்து கடைசியில் அவளிடம் வந்து சேரும்போது சொட்டுத்தான் மிஞ்சும்.

தண்ணீர் வராத நாட்களில் ஓடைக்குள் இறங்கி, பீலி வாயில் விழும் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து வர வேண்டும். இறங்கும் பாதை கல்லும் பாசியுமாக இருக்கும். ஒரு நாள் காலை வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு முந்திப் போய்விட வேண்டும் என்று கேனைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு வலது கையால் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. கொழுந்து பறிப்பவளுக்குக் கைதானே எல்லாம்.

அக்கா என்னிடம் எதையும் கேட்டவளில்லை. நான் டவுனுக்குப் போய்விட்டேன் என்பதே அவளுக்குப் போதுமான பெருமை. அந்த முறை மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“அந்தத் தண்ணிய மட்டும் எப்பிடியாச்சும் கொண்டாந்துரு ஜெயா. இன்னொருக்கா விழுந்தா நான் எந்திரிக்க மாட்டேன்.”

அந்தச் சமயத்தில்தான் பண்டாரவளையில் ஒரு நிறுவனம் புதுக் குழாய் போட்டுத் தருவதாகக் கேள்விப்பட்டோம். ஒரே ஒரு இடத்துக்குத்தான். எங்களுக்கும் மொனராகலைப் பக்கத்தில் ஒரு ஊருக்கும் போட்டி. நான் மனுவை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பக்கம், நானே அடித்தது, வாசித்தால் கல்லும் கரையும் என்று நினைத்திருந்தேன். அங்கே இருந்த மேடம் சிங்களவர். அரைகுறைத் தமிழில் மிகவும் அன்பாகப் பேசினார்.

“கடிதம் நல்லம். ஆனா கமிட்டியில தமிழ் வாசிக்கிற ஆள் இல்ல. நீங்க ஒரு சார்ட் போட்டுத் தாங்க. தண்ணி வாற நேரம், எந்த இடம், எவ்வளவு. சார்ட் எல்லாருக்கும் விளங்கும். தலைப்பு மட்டும் தமிழ்ல இருந்தா நான் சொல்லிக் குடுக்கிறேன். மூணு தலைவரும் ஒப்பம் வைக்கணும்.”

சார்ட் எல்லாருக்கும் விளங்குமாம். அந்த மேடத்துக்கு எங்கள் தோட்டத்தைத் தெரியாது.

அழையாத விருந்தாளிகள்

மாதர் சங்கத்துப் பெண்கள் எந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது என்று குறித்துத் தந்திருந்தார்கள். அதை அட்டவணையாக அடிக்க எனக்குத் தேநீர் ஆறும் நேரம்கூடப் பிடிக்கவில்லை. அட்டவணை சாது. கட்டம் போடு என்றால் போடும், அகலமாகு என்றால் ஆகும்.

சார்ட் அப்படியில்லை. கடிதம் அடிக்கிற புரோகிராமில் சார்ட் வேண்டும் என்று ஒரு பொத்தானை அழுத்தினால், நம்முடைய அட்டவணையை அது ஏறெடுத்தும் பார்க்காது. தானாக ஒரு சின்னத் தாளைத் திறக்கும். அதில் யாருடையதோ எண்கள் ஏற்கெனவே குந்தியிருக்கும். ‘கேட்டகரி ஒன்’, ‘சீரீஸ் டூ’ என்று பெயர் வேறு. யார் இவர்கள்? யார் கூப்பிட்டது? ஒவ்வொன்றாக வெளியே தள்ளிவிட்டு நம் எண்களை உள்ளே உட்கார வைக்க வேண்டும். ஒன்றைத் தள்ள மறந்தால் போச்சு.

இப்படித்தான் ஒரு பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டுப் போட்டி அறிக்கை செய்து கொடுத்தேன். மூன்று இல்லங்கள் கொண்ட பள்ளிக்கூடம். சார்ட்டில் நான்காவதாக ‘கேட்டகரி ஃபோர்’ என்று ஒரு இல்லம் முளைத்து, மற்ற மூன்றையும் தோற்கடித்து முதலிடத்தில் நின்றது. யாரும் கவனிக்கவில்லை. பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினர் அந்த இல்லத்துக்கும் சேர்த்துக் கைதட்டிவிட்டுத்தான் போனாராம்.

இதற்கு மேல் எழுத்துப் பிரச்சினை. எங்கள் கடையில் அப்போதும் பழைய தமிழ் எழுத்துருதான். கடிதத்தில் அழகாகத் தமிழாக நிற்கும் சொல், சார்ட்டுக்குள் போனதும் தன் பிறப்பையே மறந்து ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக உளறும். ஒவ்வொரு பெயரையும் தட்டிப் பிடித்து, எழுத்துருவை மாற்றி, மறுபடி தமிழாக்க வேண்டும். இது போதாதென்று, மவுஸ் லேசாகப் பட்டுவிட்டால் சார்ட் துள்ளிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். பின்னாலேயே போய்ப் பிடித்து வர வேண்டும்.

“தங்கச்சி, அது ஆட்டுக்குட்டியா?” என்று நானா கேட்டார். “கயிறு போட்டுக் கட்டுங்களேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு நானாவைத்தான் கட்டிப் போட வேண்டும் போல இருந்தது.

முதலில் கட்டைகளை நிற்க வைத்துத்தான் பார்த்தேன். கணக்குகளின் பெயர்கள் நீளமாக இருந்ததால் எல்லாம் சாய்ந்துகொண்டு கழுத்து வலிக்க வாசிக்க வேண்டியிருந்தது. சரி, படுக்க வைப்போம் என்று மாற்றினேன். அங்கேதான் வினை.

படுத்த கட்டைகளை இந்தப் புரோகிராம் அடியிலிருந்து அடுக்கும். அட்டவணையில் முதலாவதாக நிற்பது சார்ட்டில் கடைசியாகப் போய் நிற்கும். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

முதல் மரியாதை

வேறு ஊரில் இதை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். எங்கள் தோட்டத்தில் கவனிப்பார்கள்.

எங்கள் மாரியம்மன் கோயில் மேக்கணக்கில் இருக்கிறது. தேர் அங்கிருந்துதான் புறப்படும், தப்பு மேளம் அங்கேதான் முதலில் அடிபடும், முதல் திருநீறு மேக்கணக்குத் தலைவர் கையில். பிறகு நடுக்கணக்கு. பிறகு கீழ்க்கணக்கு. மேக்கணக்கு என்றால் மேலே. இது மழை வெயில் போலத் தீர்மானமான விஷயம்.

என் சின்ன வயதில் ஒரு திருவிழாவில், புதிதாக வந்த பூசாரி தெரியாமல் கீழ்க்கணக்குத் தலைவருக்கு முதலில் திருநீறு கொடுத்துவிட்டார். தேர் நடுவழியில் நின்றது. அம்மன் ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்றாள். பிரசாதப் பொங்கல் ஆறிக் கட்டியானது. கடைசியில் கீழ்க்கணக்குத் தலைவர் நெற்றியிலிருந்த திருநீற்றைக் கழுவிவிட்டு வந்து, வரிசைப்படி மறுபடி பூசிக்கொண்ட பிறகுதான் தேர் நகர்ந்தது.

அப்படிப்பட்ட தோட்டத்தின் கணக்குகளை நான் தலைகீழாக அடுக்கி, ஒப்பம் வையுங்கள் மாமா என்று நீட்டியிருக்கிறேன்.

“இது சாமி வரிசை இல்ல மாமா, தண்ணி வரிசை,” என்றேன்.

“தண்ணி எங்கேருந்து வருது?”

“மேல இருந்து.”

“அப்ப?”

மாமா நெஞ்சுக்கு நேரே கை கட்டிக்கொண்டு, “இதுல ஒப்பம் வச்சா எங்க சனம் என்னைய மதிக்காது,” என்று ஒற்றைக்காலில் நின்றார்.

தேடித் தேடி ஒரு மெனுவுக்குள் இன்னொரு மெனுவுக்குள் ‘தலைகீழாக அடுக்கு’ என்று ஒரு சின்னக் கட்டம் கண்டுபிடித்தேன். அதில் சரி போட்டதும் மேக்கணக்கு மேலே வந்தது. கூடவே, அடியில் இருந்த மணி நேர எண்கள் எல்லாம் உச்சிக்கு ஏறி மேக்கணக்கின் தலையில் உட்கார்ந்துகொண்டன. அவற்றை இறக்க இன்னொரு மெனு. மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரிக்கக்கூட இல்லை.

மாமா திரையைக் கிட்டப் போய்ப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“இப்பத்தான் சரி,” என்று, அச்செடுத்த தாளில் ஒப்பம் வைத்தார். கூடவே வந்திருந்த நடுக்கணக்குத் தலைவர் எங்கே வைக்கச் சொன்னாலும் வைப்பவர், அவரும் வைத்தார். நான் பெருமூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

குட்டைக் கட்டை

கீழ்க்கணக்குத் தலைவர் சந்தனம் அண்ணன் பின்னேரப் பஸ்ஸில் வந்தார். தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அவுங்க கட்டை இம்மாம் நீளம். எங்களுது மட்டும் ஏன் சுண்டுவிரல் மாதிரி இருக்கு தங்கச்சி?”

“உங்களுக்குத் தண்ணி கொஞ்ச நேரந்தானே அண்ணே வருது. அதான்.”

“அதுக்காக? கமிட்டி முன்னுக்கு நாங்கதான் சின்ன ஆளுங்களா?”

“ஐயோ அண்ணே, கட்டை சின்னதா இருந்தாத்தான் கஷ்டம் பெருசுன்னு அர்த்தம்.”

“நீ படிச்சவ, உனக்கு அர்த்தம் தெரியும். பாக்கிறவனுக்குக் கட்டதானே தெரியும்? கொஞ்சம் இழுத்து விடு.”

இழுத்து விடு! கொழுக்கட்டை மாவா அது? இழுத்தால் தண்ணீர் நிறைய வருகிறது என்று அர்த்தமாகும், தண்ணீர் நிறைய வருகிறவனுக்கு எவன் குழாய் போடுவான் என்று நான் கத்த, அண்ணன் அசையவில்லை. அதற்குள் டவுனில் சாமான் வாங்கப் போயிருந்த ராமையா மாமா நடுக்கணக்குத் தலைவரோடு திரும்பி வந்து, சந்தனம் அண்ணன் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்துவிட்டார்.

“அவன் கட்டைய இழுத்தா எங்களுதயும் இழுக்கணும். சொல்லிட்டேன்.”

“நீங்க இழுத்தா நாங்களும் இழுப்போம்!”

இரண்டு பேரும் மாறி மாறி மணி நேரத்தை ஏற்றினார்கள். நானா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார்.

“தலைவரே, இவ்வளவு தண்ணி அங்க ஈக்குதுன்டா, நான் கடைய மூடிட்டு ஒங்கட தோட்டத்துலயே குடி வாரேன். எங்கட ஊட்டுல காலையில மொகம் கழுவத் தண்ணி இல்ல.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் கோணல் கை கண்ணுக்குள் நின்றது. இந்த இரண்டு பேருக்கும் வீட்டில் தண்ணீர் தூக்க மருமகள்கள் இருக்கிறார்கள். அந்த எரிச்சலில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

“சரி,” என்றேன். “கட்டை நீளமா இருக்கணும், அவ்வளவுதானே? தண்ணி வர்ற நேரத்த எடுத்துட்டு, வராத நேரத்தப் போடுறேன். எல்லாருக்கும் நீளமா வரும்.”

சின்னத் தாளைத் திறந்து எண்களை மாற்றினேன். மூன்று கட்டைகளும் விறுவிறுவென்று வலப்பக்கம் ஓடின. எல்லாவற்றிலும் நீளம் கீழ்க்கணக்கு. சந்தனம் அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். ராமையா மாமாவின் முகம் சுருங்குவதற்கு முன்பே நான், “மாமா, நீங்கதான் மேல இருக்கீங்க. வரிசை மாறல,” என்று விரலால் தொட்டுக் காட்டினேன்.

அவர் கட்டையைப் பார்த்தார், இடத்தைப் பார்த்தார், இரண்டையும் மனசுக்குள் நிறுத்துப் பார்த்தார். இடம் வென்றது.

தலைப்பில் ‘தண்ணீர் வரும் நேரம்’ என்றிருந்ததை எல்லா இடத்திலும் ‘தண்ணீர் வராத நேரம்’ என்று மாற்றி, புதுத் தாளை அச்செடுத்து, எல்லாரிடமும் ஒப்பம் வாங்கி, உறையில் போட்டு, கடைசி பஸ் புறப்படுவதற்குள் பண்டாரவளைக்கு அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாக்கு

அடுத்த வாரம் மேடம் கூப்பிட்டார்.

“ஜெயா, சார்ட்டுல தண்ணி இல்லாத நேரம் நிறைய. கீழ உள்ள டேபிள்ல தண்ணி இல்லாத நேரம் கொஞ்சம். எது உண்மை?”

நான் கையில் இருந்த பிரதியைப் பார்த்தேன். நான் எண்களை மாற்றியது சார்ட்டின் சின்னத் தாளில். அட்டவணை அதே பக்கத்தில், சார்ட்டுக்கு ஒரு விரல் கீழே, தன் பழைய எண்களை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தது. தலைப்பு மட்டும் மாறியிருந்தது. ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும் என்று மனிதர் நினைப்பது இயல்புதானே? இரண்டும் ஒரே பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் ஒன்றுக்கொன்று முகம் பார்ப்பதில்லை. எங்கள் தலைவர்களைப் போலவே.

நான் தொலைபேசியில் விளக்க விளக்க அது பொய் மாதிரியே எனக்கே கேட்டது.

“பரவாயில்ல. கமிட்டி மொனராகலை ஊரப் பாத்துட்டு வந்துட்டாங்க. உங்க தோட்டத்தையும் வந்து பாக்கணும்னு சொல்லிட்டாங்க. நேர்ல பாத்தா எல்லாம் சரியாயிரும்,” என்றார் மேடம்.

நேரில் பார்த்தால் சரியாகிவிடும். எனக்கும் நம்பிக்கை வந்தது. வெறும் பைப்பைப் பார்ப்பார்கள், ஓடைப் பாதையைப் பார்ப்பார்கள், அக்காவின் கையைப் பார்ப்பார்கள். சார்ட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.

மரியாதை

கமிட்டி வருகிற அன்று காலை நான் தோட்டத்துக்குப் போனபோது வாழை மரம் கட்டியிருந்தது. தோரணம் தொங்கியது. கீழ்க்கணக்கு மைதானத்தில் தப்புக்காரர்கள் தயாராக நின்றார்கள். அக்காதான் ஆரத்தித் தட்டோடு முன்னால் நின்றாள், நல்ல சேலை கட்டி, தட்டை இடது கையில் தாங்கி, கோணல் கையை ஒப்புக்கு மேலே வைத்து.

“என்னக்கா இதெல்லாம்?”

“தலைவருங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்சது. ஒத்துமையா செஞ்சிருக்காங்க பாரு.”

ஒற்றுமையா? அந்த இரண்டு பேரும் ஒற்றுமையாகச் செய்த எதுவும் உருப்பட்டதாக எனக்கு நினைவில்லை. ராமையா மாமாவைத் தேடிப் பிடித்தேன்.

“எல்லா ஏற்பாடும் ஆச்சு புள்ள,” என்றார் பூரிப்பாக. “நேத்துலேருந்து மேல பைப்ப அடைச்சு டாங்கியில தண்ணி ரொப்பி வச்சிருக்கு. வண்டி வந்து நின்னதும் தொறந்து விடச் சொல்லிட்டேன்.”

“எதுக்கு?”

“எதுக்கா? வீடு தேடிப் பெரிய ஆளுங்க வர்றாங்க. கை கால் கழுவணும்ல? பைப்பத் தொறந்தா காத்து வந்தா நமக்கு மரியாதையா?”

“மாமா! தண்ணி இல்லன்னு காட்டத்தானே கூப்பிட்டிருக்கு!”

“அது பேப்பருல இருக்குதே. அதையும் நேருல காட்டி அசிங்கப்படணுமா?”

நான் தலையிலடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், நெற்றி சிவந்ததாக அக்கா பிறகு சொன்னாள். தண்ணீர் திறப்பவரைத் தடுக்க ஆளனுப்பலாம் என்று திரும்பினால், வளைவில் வண்டியின் ஹார்ன் கேட்டது.

மேடம் இறங்கினார். பின்னால் கமிட்டிக்காரர்கள் இரண்டு மூன்று பேர். தப்பு முழங்கியது. சந்தனம் அண்ணன் மாலையோடு முன்னால் வந்தார். அக்கா ஆரத்தியைச் சுற்றத் தொடங்கினாள். என் கையில் சார்ட் இருந்த ஃபைல், வியர்வையில் நனைந்து வளைந்துகொண்டிருந்தது.

லயத்து முனையில் இருந்த பைப் இருமியது. காற்றைத் துப்பியது. பிறகு, பார்த்தால் வயிறெரியும், அப்படியொரு தண்ணீர். மூட்டை அவிழ்ந்தது போலக் கொட்டியது. கமிட்டிக்காரர் ஒருவர் அதைப் பார்த்தார். மேடம் பார்த்தார். மேடத்தின் கண் என் ஃபைலுக்கு வந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது லயத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

“தண்ணி வந்திருச்சேய்!”

அவ்வளவுதான். ஆரத்தித் தட்டு என் கையில் இருந்தது. அக்கா எப்போது அதைத் திணித்தாள் என்று எனக்குத் தெரியாது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். மாலைத் தட்டு வைத்திருந்த பெண்கள் தட்டை மண்ணிலேயே வைத்துவிட்டு ஓடினார்கள். வரவேற்புப் பாட்டுக்கு நிறுத்தி வைத்த பிள்ளைகள் பாதிப் பாட்டில் ஓடினார்கள். ஒரு தப்புக்காரர் தப்பைத் தோளில் தள்ளிவிட்டு ஓடினார். கேன், வாளி, குடம், சோற்றுப் பானை, குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி, கையில் அகப்பட்டதெல்லாம் வந்தது. சந்தனம் அண்ணன் இன்னும் மாலையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார், போட வேண்டிய கழுத்தை மறந்துபோய், தன் மருமகள் ஓடிய திசையைப் பார்த்துக்கொண்டு.

மைதானத்தில் கமிட்டியும், தலைவர்களும், தட்டோடு நானும் மட்டும் இருந்தோம்.

“எங்க எல்லாரும் போனது?” என்றார் மேடம்.

“தண்ணி வந்திருக்கு மேடம்.”

அவர் பைப்பை நோக்கி நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். அங்கே கூச்சலும் தள்ளுமுள்ளுமாக இருந்தது. அக்கா இடது கையால் கேனைப் பிடித்து, வலது முழங்கையை அதன் கழுத்தைச் சுற்றி வளைத்து அணைத்துக்கொண்டிருந்தாள், நழுவாமல் இருக்க. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை.

கேன்கள் பாதி நிறைவதற்குள் தண்ணீர் மெலிந்தது. நூலானது. பைப் இருமி நின்றது. பின்னால் நின்ற பெண்கள் வெறும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள். வந்தவர்கள் யார், ஏன் வந்தார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு மறந்தே போயிருந்தது.

மேடம் வறண்ட பைப்பைத் திருகிப் பார்த்தார். பிறகு அக்காவின் கையைப் பார்த்தார், கொஞ்ச நேரம்.

“ஜெயா, சார்ட் சரி,” என்றார். “டேபிள மாத்தி அனுப்புங்க.”

பழக்கம்

அடுத்த வெயில் காலத்துக்குள் புதுக் குழாய் வந்துவிட்டது. திறப்பு விழாவில் முதல் பைப்பை எந்தக் கணக்கில் திறப்பது என்று நடந்த சண்டையை எழுதினால் இந்தப் பத்திரிகையில் வேறு எதற்கும் இடமிருக்காது. ராமையா மாமா சார்ட்டுக்கு ஒரு பிரதி கேட்டு வாங்கி, சட்டம் போட்டு, மேக்கணக்கு வாசகசாலையில் மாட்டியிருக்கிறார். கட்டைகள் எதைக் காட்டுகின்றன என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. மேலே யார் என்று கேட்டால் தெரியும்.

கொஞ்ச நாள் கழித்து அக்காவைப் பார்க்கப் போனேன். வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவள் இஞ்சி போட்டுத் தேநீர் ஊற்றியிருந்தாள். பேச்சின் நடுவே, பக்கத்து வீட்டில் யாரோ பைப்பைத் திறந்தார்கள். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

அக்கா சட்டென்று எழுந்துவிட்டாள். தேநீர் சிந்தியது. கோணல் கை கதவோரம் கேன் இருந்த இடத்தை நோக்கி நீண்டது. ஒரு கால் படியில் இறங்கியும் விட்டது.

பிறகு நின்றாள். கதவோரம் கேன் இல்லை. அதை இப்போது கீரை நட வெட்டிவிட்டாள்.

“பழக்கம்டி,” என்றாள் வெட்கத்தோடு. மெல்லத் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எனக்கு அழுகை வந்தது. தேநீர்க் கோப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டில் தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது, யாரும் ஓடவில்லை.